இழுக்கும் பலமும் நிறுத்தும் பலமும்

சங்கங்கள் டிராக்டரும் டிரெய்லரும் வாங்கி அங்கத்தினர்களுக்கு வாடகைக்கு விடும் பணி நம் மாநிலத்தில் நன்கு வேரூன்றிவிட்டது. சொந்தத்தில் டிராக்டர் வாங்க இயலாத சிறு விவசாயியும் அதனால் இயந்திரத்தின் பயனை அடைகிறார். உழவுக் காலத்தில் உழவு, அறுவடைக் காலத்தில் நெல்லும் கரும்பும், இடையே எருவும் செங்கல்லும் என்று ஆண்டு முழுவதும் வண்டிக்கு வேலை இருக்கிறது. இது கூட்டுறவின் நற்பயன்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை.

ஆனால் இவ்வண்டிகளின் வாடகைப் பதிவேடுகளைப் பார்வையிடும்போதெல்லாம் நாம் காணும் குறை ஒன்று உண்டு. தேதி இருக்கும், அங்கத்தினர் பெயர் இருக்கும், எத்தனை நடை, எவ்வளவு டீசல், எவ்வளவு வசூல் என்பன எல்லாம் பைசா சுத்தமாக இருக்கும். ஏற்றிய பாரம் எவ்வளவு என்பது மட்டும் இராது. கேட்டால், “வண்டிதான் இழுக்கிறதே, பிறகென்ன?” என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை.

இழுக்கிறது என்பது உண்மை. இன்றைய டிராக்டர், சமதரையில் தன் எடையைப் போல் பல மடங்கு பாரத்தை இழுத்துச் சென்றுவிடும். இழுத்துச் சென்றதை வேண்டிய இடத்தில் நிறுத்தவும், வேண்டிய பக்கம் திருப்பவும் அதனால் இயலுமா என்பதே கேள்வி. அந்தக் கேள்விக்கு எஞ்சின் விடை சொல்லாது. ஓட்டுநரின் துணிவும் விடை சொல்லாது. எடை மேடை ஒன்றே சொல்லும்.

வண்டிக்காரர் அறிந்த கணக்கு

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இதன் அடிப்படை நன்றாகத் தெரியும். மூட்டைகளை அடுக்கியதும் வண்டிக்காரர் மாட்டைப் பூட்டிவிட மாட்டார். முதலில் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். கை தாங்காத கனம் இருந்தால் முன்பாரம். மாட்டின் கழுத்து நசுங்கும். நுகத்தடி தானே மேலெழுந்தால் பின்பாரம். வண்டி குடை சாயும், மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். ஒரு மூட்டையை முன்னே தள்ளியோ பின்னே தள்ளியோ சரிசெய்த பிறகே வண்டி புறப்படும். வள்ளுவரும் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் பாரவண்டியின் அச்சையே உவமையாக எடுத்தாண்டார்.

டிராக்டர் வந்த பிறகு இந்தப் பழக்கம் மறைந்துவிட்டது. டிராக்டருக்குக் கழுத்து வலிக்காது என்று நாம் எண்ணிவிட்டோம். உண்மையில் இரு சக்கர டிரெய்லரின் கொக்கி, நுகத்தடி செய்த வேலையைத்தான் செய்கிறது. டிரெய்லரின் பாரத்தில் ஒரு பகுதி அதன் சொந்தச் சக்கரங்களிலும், மற்றொரு பகுதி கொக்கி வழியாக டிராக்டரின் மீதும் இறங்குகிறது. இந்தக் கொக்கிப் பாரம் டிராக்டரின் பின் அச்சுக்கும் பின்னால் விழுவதால், பின் சக்கரங்களை அழுத்துவதோடு முன் சக்கரங்களைத் தூக்கவும் செய்கிறது. ஏற்றத்தில் முன் சக்கரம் தரையைவிட்டு எழும்புவதை நம் அங்கத்தினர்கள் பலரும் கண்டிருப்பர். அதை வேடிக்கையாகக் கருதுவோரும் உண்டு. முன் சக்கரம் தரையில் பதியாத வண்டிக்கு ஸ்டியரிங் இருந்தும் இல்லாததே ஆகும்.

எடை எடுக்கும் முறை

கரும்பு விவசாயிக்கு எடை மேடை புதிதன்று. ஆலை வாயிலில் பாரத்தோடு ஒரு முறையும், இறக்கிய பின் வெறும் வண்டியாக ஒரு முறையும் எடை பார்க்கிறார். ஆனால் அது பணத்துக்கான எடை. நாம் இங்கே சொல்வது பாதுகாப்புக்கான எடை. இதற்கு மொத்த எடை போதாது. ஒவ்வோர் அச்சிலும் எவ்வளவு இறங்குகிறது என்பது தெரிய வேண்டும்.

முதலில் டிரெய்லரைக் கழற்றிவிட்டு, டிராக்டரின் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி எடை எடுக்க வேண்டும். பிறகு டிராக்டர் முழுவதையும் ஏற்றி எடை எடுக்க வேண்டும். அடுத்து, பாரம் ஏற்றிய டிரெய்லரைப் பூட்டிக்கொண்டு, முன் அச்சு மட்டும், டிராக்டரின் இரண்டு அச்சுகளும், டிரெய்லரும் சேர்ந்த முழு வண்டி என்று மூன்று எடைகள் எடுக்க வேண்டும். வெறும் டிரெய்லரின் எடை தெரியாவிடில் அதையும் ஒரு முறை எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் ஓட்டுநர் இருக்கையில் இருந்தால் எல்லா முறையும் இருக்க வேண்டும். இறங்கினால் எல்லா முறையும் இறங்க வேண்டும். வண்டி நின்றதும் பிரேக்கைத் தளர்த்திவிட வேண்டும். மேடைக்கு முன்னும் பின்னும் உள்ள தரை மேடையோடு சமமாக இருத்தல் அவசியம். ஒரு பக்கம் பள்ளமானால் அச்சு எடை பொய்யாகிவிடும். மேடைக்கு நடப்பு ஆண்டின் முத்திரை இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி, தொழிலாளர் துறையைச் சேர்ந்த முத்திரை ஆய்வாளர்கள் இதைக் கவனிக்கின்றனர்.

இம்முறை டிராக்டருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் விடுமுறைப் பயணம் செல்வோர், படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் அமைந்த வீட்டு டிரெய்லரைச் சிறு லாரியின் பின்னே பூட்டிச் செல்வது வழக்கம். அங்கே நெடுஞ்சாலை ஓரத்து எடை மேடைகளில் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு என்று தனித்தனியே எடை எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு டிரெய்லரைக் கழற்றிவிட்டு, இழுக்கும் வண்டியை மட்டும் மறுபடி நிறுக்கிறார்கள். இரண்டு எடைச் சீட்டுகளையும் ஒப்பிட்டால் கொக்கிப் பாரம் தெரிந்துவிடும். அது டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை இருக்க வேண்டும் என்பது அவர்கள் கைக்கொள்ளும் அளவு. அதற்குக் குறைந்தால் டிரெய்லர் பாம்புபோல் வளைந்தாடும். நம் வண்டிக்காரர் கையால் அறிந்த பின்பாரத்தின் தீங்கும் இதுவேயாம்.

ஓர் எடுத்துக்காட்டு

கணக்கு விளங்குவதற்காக முழு எண்களில் ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். டிராக்டர் தனியே 2,100 கிலோ. அதில் முன் அச்சில் 800, பின் அச்சில் 1,300. வெறும் டிரெய்லர் 1,500 கிலோ. அதன் பதிவுச் சான்றில் கண்ட மொத்த எடை 5,500 கிலோ. அதாவது 4,000 கிலோவுக்கு மேல் ஏற்ற அதற்கு உரிமை இல்லை.

அதில் 3,500 கிலோ நெல்லை ஒழுங்காகப் பரப்பி ஏற்றி, வண்டியைப் பூட்டி நிறுக்கிறோம். முன் அச்சு 600. டிராக்டரின் இரண்டு அச்சுகளும் சேர்ந்து 2,600. முழு வண்டி 7,100. டிராக்டர் தனியே 2,100 ஆக இருந்தது இப்போது 2,600 காட்டுவதால் கொக்கிப் பாரம் 500 கிலோ. டிரெய்லரின் மொத்த எடை 5,000. அதில் இது பத்தில் ஒரு பங்கு. முன் அச்சு 800இலிருந்து 600 ஆகக் குறைந்திருக்கிறது. டிராக்டரின் சொந்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் எப்போதும் இருத்தல் வேண்டும் என்பது பொதுவாகக் கைக்கொள்ளப்படும் விதி. இங்கே அந்த அளவு 420 கிலோ. 600 இருப்பதால் வண்டி திரும்பும்.

இனி, அதே டிரெய்லரில் 6,000 கிலோ ஏற்றுகிறோம் என்று கொள்வோம். பலகை வைத்து உயர்த்தினால் இடம் இருக்கிறது, எஞ்சினும் இழுக்கும். பாரம் சற்று முன்னே சாய்ந்து, கொக்கிப் பாரம் 1,000 கிலோ ஆயிற்று என்றால், முன் அச்சில் எஞ்சுவது 400 கிலோவே. விதியின் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது. ஒரு மேட்டில் ஏறும்போது இழுப்பின் விசையும் சேர்ந்து முன் சக்கரத்தைத் தூக்கிவிடும்.

“அப்படியானால் பாரத்தைப் பின்னே தள்ளி அடுக்குவோம்” என்று சொல்லத் தோன்றும். தள்ளி அடுக்கிக் கொக்கிப் பாரத்தை 200 கிலோவாகக் குறைத்தால் முன் அச்சில் 720 கிலோ நிற்கும். ஸ்டியரிங் பிழைத்தது. ஆனால் பின் அச்சில் 1,580 கிலோ மட்டுமே இருக்கும். டிராக்டரின் பிரேக் பெரும்பாலும் பின் சக்கரங்களில் மட்டுமே உள்ளது. சக்கரம் தரையை எவ்வளவு அழுத்துகிறதோ அந்த அளவுக்கே பிரேக் பிடிக்கும். உலர்ந்த தார்ச் சாலையில் அந்தப் பிடி சுமார் பத்தில் ஆறு பங்கு. ஆகவே இங்கே கிடைக்கும் நிறுத்தும் பலம் ஏறக்குறைய 950 கிலோ. நூறு அடிக்குப் பத்தடி இறங்கும் சரிவில், 9,600 கிலோ எடையுள்ள முழு வண்டி 960 கிலோ பலத்தோடு கீழ்நோக்கித் தள்ளும். டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையேல் அந்த வண்டி நிற்காது. ஓட்டுநர் எழுந்து நின்று மிதித்தாலும் சக்கரம் வழுக்குமேயன்றி வண்டி நிற்காது.

முன்னே வைத்தால் திருப்ப இயலவில்லை. பின்னே வைத்தால் நிறுத்த இயலவில்லை. இடையே ஓர் இடம் பொருந்துவதாகத் தோன்றினாலும், 6,000 கிலோ என்பது அந்த டிரெய்லரின் பதிவுச் சான்றில் கண்ட வரம்பைத் தாண்டிய பாரமே. அடுக்கும் திறமையை நம்பி அதிகப் பாரம் ஏற்றலாகாது.

3,500 கிலோ ஏற்றிய வண்டியையும் இதே சரிவில் சோதித்துப் பார்ப்போம். தள்ளும் பலம் 710 கிலோ. பின் அச்சில் 2,000 கிலோ இருப்பதால் உலர்ந்த சாலையில் நிறுத்தும் பலம் 1,200, வண்டி நிற்கும். ஆனால் மழைக்காலத்து ஈர மண்ணில் பிடி பத்தில் மூன்று பங்காகக் குறையும். நிறுத்தும் பலம் 600 ஆகிவிடும். அளவாகப் பாரம் ஏற்றிய வண்டியும் அங்கே வழுக்கும். ஏரிக்கரையிலிருந்தும் வாய்க்கால் பாலத்திலிருந்தும் இறங்கும் வழிகள் நம் ஊர்களில் அப்படிப்பட்டவையே. டிரெய்லருக்குச் சொந்தப் பிரேக் வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான். நான்கு சக்கர டிரெய்லராயின் கொக்கிப் பாரம் மிகக் குறைவு. டிராக்டரின் பின் சக்கரத்துக்கு அதனால் கூடுதல் பிடி கிடைப்பதில்லை. அதற்குப் பிரேக் இன்னும் அவசியம்.

ஓட்டுநர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. சரிவில் இறங்கத் தொடங்கு முன்பே வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த கியருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது உயிரைப் பணயம் வைப்பதாகும். உழவில் தனித்தனியே மிதிக்கும் இடது வலது பிரேக் மிதிகளைச் சாலைக்கு வந்ததும் கொண்டியிட்டு இணைத்துவிட வேண்டும். இல்லையேல் ஒரு சக்கரம் மட்டும் பிடித்து வண்டி ஒரு பக்கமாகத் திரும்பும், பின்னேயுள்ள டிரெய்லர் அதை மடக்கிப் புரட்டிவிடும். டிரெய்லரை டிராக்டரின் தாழ்ந்த இழுகொக்கியிலேயே பூட்ட வேண்டும். உயரமான இடத்தில் பூட்டினால் டிராக்டர் பின்புறமாகவே கவிழக்கூடும்.

பொருள்களின் எடை

எடை மேடை எல்லா ஊரிலும் இல்லை. நாள்தோறும் அங்கே செல்லவும் இயலாது. ஆகவே, ஒரு முறை நிறுத்து வரம்பைத் தீர்மானித்தபின், அதைப் பொருளின் எண்ணிக்கையாக மாற்றிக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ. நமது எடுத்துக்காட்டு வண்டியில் 3,500 கிலோ என்றால் 87 மூட்டை. செங்கல் ஒன்று சுமார் 3 கிலோ. ஆகவே ஏறத்தாழ 1,150 கல். மணலில்தான் பலரும் ஏமாறுகின்றனர். 100 கன அடி கொண்ட ஒரு யூனிட் மணல் சுமார் 4,500 கிலோ எடையிருக்கும். ஈரமாயின் இன்னும் மிகும். டிரெய்லர் பாதியளவே நிரம்பியதாகத் தோன்றினாலும் வரம்பு தாண்டிவிட்டது என்பதே பொருள். பருத்தியோ இதற்கு மாறானது; எடை குறைவு, உயரம் அதிகம். அதில் ஆபத்து வளைவில் சாய்வது.

நெசவாளர் சங்கங்களுக்கும் இதில் பங்கு உண்டு. அவை டிராக்டர் வைத்திருப்பதில்லையாயினும், நூலையும் ஜவுளியையும் கொண்டுசெல்லச் சிறு வண்டிகளை அமர்த்துகின்றன. 750 கிலோ மட்டும் ஏற்றத் தக்க வண்டியில், 4.54 கிலோ எடையுள்ள நூல் கட்டுகள் 165 ஏற்றலாம். உடன் ஒருவர் ஏறினால் அவருடைய எடைக்கு ஈடாகச் சுமார் 15 கட்டுகளைக் குறைத்தாக வேண்டும். நூலின் நம்பரை எந்த நெசவாளர் சங்கமும் கண்ணால் பார்த்து ஒப்புக்கொள்வதில்லை. 40ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 840 கஜம் கொண்ட 40 சிட்டங்கள் இருக்கின்றனவா என்று நிறுத்துப் பார்த்தே பணம் கொடுக்கிறது. நூலுக்குக் காட்டும் அந்தக் கவனத்தை, நூலை ஏற்றிச் செல்லும் வண்டிக்கும் காட்ட வேண்டுமென்றே சொல்கிறோம்.

சட்டம் சொல்வது

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 113ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட மொத்த எடைக்கு மேல் பாரம் ஏற்றி வண்டியையோ டிரெய்லரையோ ஓட்டலாகாது என்கிறது. 114ஆம் பிரிவின்படி, அதிகாரம் பெற்ற அலுவலர் வண்டியை எடை மேடைக்குக் கொண்டுவரச் சொல்லலாம். 2019ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு, அதிகப் பாரத்துக்கு 194ஆம் பிரிவு விதிக்கும் தொகை 20,000 ரூபாய். அதற்கு மேல் மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். 6,000 கிலோ ஏற்றிய நம் எடுத்துக்காட்டு டிரெய்லரின் மொத்த எடை 7,500. மிகுதி 2 டன். ஆகவே 24,000 ரூபாயும், மிகுதியை இறக்கும் செலவும் சேரும். எடை பார்க்க மறுத்தால் 40,000 ரூபாய்.

டிரெய்லரில் ஆட்களை ஏற்றுவது பற்றியும் ஒரு சொல். 2022 அக்டோபர் 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் மாவட்டத்தில், கோயிலுக்குச் சென்று திரும்பியவர்களை ஏற்றிவந்த டிராக்டர் டிரெய்லர் குட்டையில் கவிழ்ந்து 25 பேருக்கு மேல் மாண்டனர். 2024 பிப்ரவரி 24 அன்று அதே மாநிலத்தின் காஸ்கஞ்ச் மாவட்டத்தில் அதே விதமாக 20 பேருக்கு மேல் மாண்டனர். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் பலர். சங்கத்து டிரெய்லர் சரக்குக்கு உரியது. திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் அதைக் கேட்போருக்கு, எவராயினும், இல்லை என்று சொல்வதே நன்மை.

சங்கம் செய்யத் தக்கது

அளவோடு ஏற்றினால் செலவு கூடும் என்ற முறையீட்டை நாம் அலட்சியம் செய்யவில்லை. 12 டன் நெல்லை 6 டன்னாக ஏற்றினால் இரண்டு நடை. அதே டிரெய்லருக்குப் பிரேக் பொருத்தி, சான்றில் கண்ட வரம்புக்கு உட்பட்டு 4 டன்னாக ஏற்றினால் மூன்று நடை. மிகுவது ஒரு நடையின் டீசலும் ஓட்டுநரின் சில மணி நேரமும். இதை ஓட்டுநரின் உயிரோடும், கவிழ்ந்த வண்டியைச் சீர்செய்யும் செலவோடும் ஒப்பிட்டு அங்கத்தினர்களே முடிவு செய்யட்டும்.

நடைக்கு இவ்வளவு என்று வசூலித்தால், அதிகம் ஏற்றுவதில் அங்கத்தினருக்கு ஆதாயம். டன்னுக்கு இவ்வளவு என்றால் சங்கத்துக்கு ஆதாயம். மணிக்கு இவ்வளவு என்றாலும் நடை குறையும் ஆசை இருக்கவே செய்யும். எந்த முறையிலும் அதிகப் பாரத்தால் எவருக்கோ இலாபம் உண்டு. ஆதலால் பாரத்தின் வரம்பு வாடகைப் பேச்சுக்கு உட்பட்டதாக இருக்கலாகாது. நிர்வாகக் குழுவின் தீர்மானத்தில் இருக்க வேண்டும்.

அத்தீர்மானத்தில் மூன்று அளவுகளைப் பார்த்து வரம்பு வகுக்கலாம்: டிராக்டர் தயாரிப்பாளரின் கையேடு அனுமதிக்கும் இழு எடை, டிரெய்லரின் பதிவுச் சான்றில் கண்ட மொத்த எடை, எடை மேடையில் கண்டறிந்த அச்சு எடைகள். மூன்றனுள் எது சிறியதோ அதுவே வரம்பு. அதை மூட்டைக் கணக்கில் டிரெய்லரின் பக்கப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதிவைக்க வேண்டும். அறுவடைக் காலத்துக்கு முன் ஆண்டுக்கு ஒரு முறையேனும் அச்சு எடைகள் எடுத்து, எடைச் சீட்டுகளை வண்டியின் கோப்பில் சேர்க்க வேண்டும். டயர் மாற்றினாலும், பலகை உயர்த்தினாலும் மறுபடி எடுக்க வேண்டும். வாடகைப் பதிவேட்டில் “பாரம்” என்று ஒரு பத்தி சேர்ப்பதற்கு ஒரு கோடு போதும்.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று. வரம்புக்கு மேல் ஏற்றச் சொன்னால் மறுக்கும் உரிமை ஓட்டுநருக்கு உண்டு என்பதையும், மறுத்ததற்காக அவர்மீது நடவடிக்கை எதுவும் இராது என்பதையும் தீர்மானத்திலேயே எழுத வேண்டும். சங்கத்தில் அவர் சம்பளம் பெறும் ஊழியர். களத்தில் நின்று “இன்னும் பத்து மூட்டை ஏற்றப்பா” என்று சொல்பவர் அங்கத்தினர், சில சமயம் நிர்வாகக் குழுவின் உறுப்பினராகவே இருப்பார். அவரிடம் மறுப்புச் சொல்ல ஓட்டுநருக்குத் துணை வேண்டும். சரிவில் இறங்கும்போது இருக்கையில் இருப்பவர் அவர் ஒருவரே. அவருக்குத் துணையாகத் தீர்மானம் ஒன்றை வரும் கூட்டத்திலேயே நிறைவேற்றுமாறு எல்லாச் சங்கங்களையும் கேட்டுக்கொள்கிறோம்.